புத்தர் நிஜமாகவே இளவரசரா? – கேள்வி பதில்

கேள்வி: சார், புத்தர் பெரிய ராஜாவின் மகன் என்றுதான் பள்ளியில் படித்தோம். உண்மையா?

பதில்: அவ்வளவு பெரிய ராஜா இல்லை. சாக்கியர்கள் கபிலவஸ்து பக்கம் வாழ்ந்த ஒரு சின்னக் குலம். பெரியவர்கள் சபை கூடி முடிவெடுப்பார்கள். அவர்களுக்கும் மேலே கோசல மன்னன். புத்தரின் தந்தை சுத்தோதனர் அந்தச் சபைத் தலைவர்களில் ஒருவர். வசதியான வீடுதான், அதில் சந்தேகமில்லை.

கேள்வி: கிழவர், நோயாளி, பிணம், துறவி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு இரவோடு இரவாக வீட்டைவிட்டுப் போனாரா அண்ணா?

பதில்: பாலி மொழிச் சுத்தங்களில், அதாவது புத்தரின் போதனைத் தொகுப்புகளில், இந்த நான்கு காட்சிகள் விபஸ்ஸி என்ற முந்தைய புத்தரின் கதையாக வருகின்றன. கௌதமர் தம் கதையைத் தாமே சொல்லும் அரியபரியேசன சுத்தத்தில் தேரும் இல்லை, குதிரையும் இல்லை. தூங்கும் மனைவியை எட்டிப் பார்க்கும் காட்சியும் கிடையாது. தலைமுடி கறுத்திருந்த இளம் வயதில், தாயும் தந்தையும் கண்ணீரும் கம்பலையுமாக நிற்க, முடியும் தாடியும் மழித்துக் காவி உடுத்திக் கிளம்பினேன் என்கிறார், அவ்வளவுதான். பெற்ற தாய் மாயா ஏழாம் நாளே இறந்துவிட்டதாக மரபு. அப்படியானால் அழுதது வளர்த்த சித்தி மகாபிரஜாபதியாகத்தான் இருக்கும். சொல்லாமல் ஓடியவர் இல்லை, எதிரே நின்று மீறியவர். எனக்கு இந்தக் கௌதமரைத்தான் பிடிக்கும்.

கேள்வி: லும்பினியில்தான் பிறந்தார் என்பதற்கு ஆதாரம்?

பதில்: நேபாளத்தில் 1896இல் கண்டெடுத்த அசோகர் தூண். முடிசூடி 20 ஆண்டு ஆனபின் அசோகர் நேரில் வந்து வணங்கியதையும், சாக்கியமுனி இங்கே பிறந்ததையும் சொல்லிவிட்டு, ஊருக்கு வரியைத் தள்ளுபடி செய்து விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்கிறது.

கேள்வி: ஞானம் கிடைத்ததும் உடனே போதிக்கக் கிளம்பிவிட்டாரா?

பதில்: இல்லை, தயங்கினார். யாருக்குப் புரியும் என்ற கவலை. பழைய ஆசிரியர்கள் ஆளார காலாமரும் உத்தக ராமபுத்தரும் நினைவுக்கு வந்தார்கள், இருவரும் காலமாகியிருந்தார்கள். அப்புறம்தான் கூடவே பட்டினித் தவம் இருந்த ஐவர். இவர் மறுபடி சாப்பிடத் தொடங்கியதும் கோபித்துக்கொண்டு போனவர்கள். சாரநாத்தில் இவர் வருவதைத் தூரத்திலேயே பார்த்து, 'யாரும் எழுந்திருக்கக் கூடாது' என்று பேசிவைத்துக்கொண்டார்கள். கிட்டே வந்ததும் ஒருவர் பாத்திரத்தை வாங்கினார், ஒருவர் ஆசனம் போட்டார், ஒருவர் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தார்!

கேள்வி: பன்றிக்கறி சாப்பிட்டுத்தான் இறந்தாராமே?

பதில்: பன்றிக்கறியா காளானா என்று பழைய உரைகளே ஒத்துப்போகவில்லை. விருந்து கொடுத்தவர் சுந்தர், கொல்லர் வீட்டுப் பிள்ளை. அவர் மனம் நோகக் கூடாதே என்று, 'ஞானத்துக்கு முன் உண்ட உணவும் இதுவும் சமமான புண்ணியம் என்று அவரிடம் சொல்' எனச் சீடர் ஆனந்தரிடம் சொல்கிறார் புத்தர். சாகக் கிடக்கும்போது!

கேள்வி: காலம் மட்டும் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்களே?

பதில்: இலங்கை மரபுப்படி மறைவு கி.மு. 544. 1956இல் 2,500ஆவது ஆண்டு கொண்டாடியது அந்தக் கணக்கில்தான். பாடநூல்களில் கி.மு. 563–483. இன்றைய ஆய்வாளர்கள் பலர் மறைவை கி.மு. 400ஐ ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். வாழ்ந்தது 80 வயது என்பதில் தகராறு இல்லை.