மூட்டுவலி உள்ள அம்மாவுடன் ஒரே நாளில் ஏற்காடு

வணக்கம். மூட்டுவலி உள்ள அம்மாவுக்கு ஒரே நாளில் ஏற்காட்டைக் காட்ட முடியுமா, மலைப்பாதையில் அவருக்குத் தலைசுற்றுமே என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும்! சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள் வரும். காலை உணவை இரண்டு இட்லியோடு நிறுத்தி, அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள்.

முதலில் ஏரிக்குப் போங்கள். மிதிபடகு முழங்காலுக்கு ஆகாது, துடுப்புப் படகே நல்லது. பக்கத்திலேயே அண்ணா பூங்கா இருக்கிறது, நிதானமாக உட்காரலாம்.

கிளியூர் அருவி மட்டும் வேண்டவே வேண்டாம். ஏரி நிரம்பி வழியும் நீர்தான் அங்கே விழுகிறது, அழகுதான்; ஆனால் செங்குத்தாகப் படியிறங்கி, அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். என் அம்மாவை அங்கே அழைத்துப்போய் வருந்தியவன் நான்.

மாலையில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து சேலத்தின் விளக்குகளைக் காட்டுங்கள். சால்வையை மறக்காதீர்கள்.