கன்சோல் இருக்க ஸ்கிரிப்ட் எதற்கு?

கேள்வி: அறுபது விர்ச்சுவல் மெஷின்களையும் விஎம்வேரின் நிர்வாக மென்பொருளான விசென்டரின் கன்சோலில் க்ளிக் செய்தே சமாளிக்கிறேன். அதே வேலைகளைக் கட்டளை எழுதிச் செய்யும் பவர்சிஎல்ஐ கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: ஒரு மெஷினுக்கு ரேம் கூட்ட கன்சோலே போதும், ஸ்கிரிப்ட் எழுத உட்காருவதற்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் எதிலெல்லாம் பழைய ஸ்நாப்ஷாட் (மெஷினின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது) கிடக்கிறது என்று யாராவது கேட்டால் அறுபதையும் திறந்து பார்ப்பீர்களா? கெட்-விஎம் கட்டளை தருவதை கெட்-ஸ்நாப்ஷாட் கட்டளைக்கு பைப் செய்து, அதாவது அப்படியே அனுப்பி, தேதியை வைத்து வடிகட்டினால் ஒரே வரியில் பட்டியல் வந்துவிடும். ஸ்நாப்ஷாட்டை பேக்கப் என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அதை எடுத்த நொடியிலிருந்து மாற்றங்கள் எல்லாம் தனி டெல்டா ஃபைலில் எழுதப்படுகின்றன, அந்த ஃபைல் வளர்ந்து வளர்ந்து மெஷின்களின் ஃபைல்கள் இருக்கும் டேட்டாஸ்டோர் நிரம்பிவிட்டால், அங்கே இடம் தேவைப்படும் மற்ற மெஷின்களும் சேர்ந்து நின்றுபோகும். ஒரு ஸ்நாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது.

முதலில் இப்படிப் படிக்க மட்டும் செய்கிற ஸ்கிரிப்ட்களை எழுதிப் பழகுங்கள், அதுவும் ரீட்-ஒன்லி உரிமை உள்ள கணக்கில். நான் அவசரப்பட்டவன். பெயரில் 'டெஸ்ட்' உள்ள மெஷின்களை எல்லாம் நிறுத்த, முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி (அங்கே எந்த எழுத்தும் வரலாம் என்று பொருள்) போட்டு ஒரு வரி எழுதினேன். 'லேட்டஸ்ட்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் அதற்குள்ளும் அதே நான்கு எழுத்து இருக்கிறது என்பது அந்தப் பெயர் கொண்ட சர்வர் நின்ற பிறகுதான் உறைத்தது. கட்டளையோடு வாட்இஃப் என்ற ஒத்திகைத் தேர்வைச் சேர்த்து ஓட்டியிருந்தால் எதையும் தொடாமல், எதையெல்லாம் நிறுத்தப்போகிறது என்று மட்டும் காட்டியிருக்கும். இணையத்தில் கிடைக்கும் பல ஸ்கிரிப்ட்களில் 'உறுதியா?' என்று கேட்பதையே அணைத்து வைத்திருப்பார்கள், காப்பி செய்யும் முன் அதைப் பாருங்கள். அப்புறம், பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதவே எழுதாதீர்கள்.

கேள்வி: விசென்டரே விழுந்துவிட்டால் எல்லா மெஷினும் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. மெஷின்களை ஓட்டுவது ஈஎஸ்எக்ஸ்ஐ மென்பொருள் உள்ள சர்வர்களான ஹோஸ்ட்கள்தான். ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதன் மெஷின்களை வேறு ஹோஸ்டில் மறுபடி தொடங்கும் ஹெச்ஏவை ஏற்கெனவே அமைத்திருந்தால் அதுவும் வேலை செய்யும், ஓடும் மெஷினை நிறுத்தாமல் வேறு ஹோஸ்டுக்கு மாற்றும் விமோஷன்தான் கிடையாது. பவர்சிஎல்ஐயின் கனெக்ட்-விஐசர்வர் கட்டளையில் ஹோஸ்டின் முகவரியையே கொடுத்து நேரடியாக உள்ளே போகலாம். விசென்டரும் ஒரு விர்ச்சுவல் மெஷின்தானே, அது எந்த ஹோஸ்டில் ஓடுகிறது என்பதை மட்டும் முன்பே வெளியே எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.