220 சென்சாருக்கு எவ்வளவு பெரிய சர்வர்?

கேள்வி: ஆற்றுப் பாலம் ஒன்றைக் கண்காணிக்க 220 சென்சார் பொருத்தப் போகிறோம். 20 அதிர்வு சென்சார், மீதி ஸ்ட்ரெயின் கேஜும் (பாலத்தின் உறுப்புகள் எவ்வளவு இழுபடுகின்றன, அமுங்குகின்றன என்று அளப்பது) வெப்பநிலையும். இவை அனுப்பும் அளவுகளை வாங்கிப் பதியும் கணினியான சர்வரை விற்பவர் சென்சார் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார். இந்தக் கணக்கு சரியா? (திருச்சி வாசகர்)

பதில்: தலையை எண்ணி இலை போடுவது பந்திக்குச் சரி, இங்கே ஒத்துவராது. உங்கள் 200 ஸ்ட்ரெயின், வெப்பநிலை சென்சார்களும் பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு அனுப்பினால் நாளைக்கு 28,800 பதிவு, பதிவுக்கு 20 பைட் போட்டாலும் ஒரு எம்.பி.கூட வராது. அந்த 20 அதிர்வு சென்சார் இருக்கிறதே, மூன்று திசையிலும் நொடிக்கு 100 அளவு, அளவுக்கு 4 பைட் என்று வைத்தால் அவை மட்டுமே நாளைக்கு 2 ஜி.பி. தரும். வருடத்துக்கு முக்கால் டி.பி. அமெரிக்காவின் மினியாபொலிஸில் 2007 ஆகஸ்டில் பாலம் இடிந்து 13 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே திறந்த புதுப் பாலத்தில் 300க்கும் மேற்பட்ட சென்சார் என்று எல்லோரும் எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள், நொடிக்கு எத்தனை அளவு என்று யாரும் கேட்பதில்லை.

சரி, 2 ஜி.பி. பெரிய சுமையா? நொடிக்கு 24 கே.பி.தான், பழைய லேப்டாப்பே வாங்கி வைத்துக்கொள்ளும். லைன் போய்த் திரும்பும்போதுதான் வினை. ஆறு மணி நேரம் இணைப்பு இல்லை என்றால் பாலத்தடி லாகர் (அளவுகளைச் சேமித்து அனுப்பும் பெட்டி) எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்து மொத்தமாகக் கொட்டும். வருகிற வேகத்தைப் போல ஒன்றேகால் மடங்குதான் உங்கள் சர்வரால் அலசிப் பதிய முடியும் என்றால், புதிய அளவுகளும் வந்துகொண்டே இருப்பதால், பாக்கி தீர 24 மணி நேரம் ஆகும். இரண்டு மடங்கு என்றால் 6 மணி நேரம். லைனை அறுத்த அதே புயல் மழைதான் ஆற்றிலும் வெள்ளத்தைக் கொண்டுவரும், இன்ஜினியர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அன்றைக்குத்தான், அவருக்குத் தெரிவதோ பல மணி நேரத்துக்கு முந்தைய அதிர்வு! அதனால் புதிய அளவு முதலில், பாக்கி பின்வரிசையில் என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், 200 சென்சாரும் சரியாகப் பத்து மணி அடிக்கும் அதே நொடியில் கதவைத் தட்டாமல், ஆளுக்குச் சில நொடி தள்ளி அனுப்பும்படி அமைத்துவிடுங்கள், செலவே கிடையாது.

விற்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஆறு மணி நேரம் லைன் போனால் எத்தனை மணி நேரத்தில் நடப்புக்கு வரும்? அதை எழுத்தில் வாங்கிய பிறகு விலை பேசலாம்.