முரண் என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி: "ஊழிற் பெருவலி யாவுள" (விதியைவிட வலியது எது) என்று 380-ஆம் குறளில் கேட்ட வள்ளுவர், 620-இல் "ஊழையும் உப்பக்கம் காண்பர்" (விதியையும் புறமுதுகு காட்ட வைப்பர்) என்கிறார். தர்க்க விதிப்படி, தனக்குத் தானே முரண்படும் நூல் முழுவதும் செல்லாது. இதை ஏன் நீங்கள் எழுதுவதில்லை?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: அப்படி ஒரு தர்க்க விதி இல்லை. இரண்டு கூற்றுகள் முரண்பட்டால், இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. அவ்வளவுதான். இரண்டில் எது பொய் என்றுகூட அதை வைத்துச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, மிச்சமுள்ள 1328 குறள்களை எப்படித் தள்ளுவீர்கள்?

ஒரே ஒரு முரண் மொத்தத்தையும் சாய்த்த கதை உண்டு, மறுக்கவில்லை. எண்கணிதம் முழுவதையும் சில அடிப்படை விதிகளிலிருந்து வருவிக்கப் பாடுபட்டவர் ஜெர்மானிய அறிஞர் ஃப்ரேகே. 1902-இல், அவருடைய நூலின் இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தபோது, அந்த விதிகளிலிருந்தே ஒரு முரண் பிறக்கிறது என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கடிதம் எழுதினார். ஃப்ரேகே அதை ஒப்புக்கொண்டு பிற்சேர்க்கை எழுதினார். அங்கே எல்லாம் ஒரே அஸ்திவாரத்தில் நின்றன. முரண் நுழைந்துவிட்டால் வழக்கமான தர்க்கத்தில் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். அப்புறம் எந்த நிரூபணத்துக்கும் மதிப்பில்லை. குறள் அப்படிக் கட்டிய நூல் அல்ல. விருந்தோம்பல் அதிகாரத்தை யாரும் ஊழ் அதிகாரத்திலிருந்து வருவிக்கவில்லை.

சரி, இந்த இரண்டு குறள்களாவது முரண்படுகின்றனவா? ஒரே பண்பு, ஒரே பொருளுக்கு, ஒரே நேரத்தில், ஒரே வகையில் உண்டு என்றும் இல்லை என்றும் சொன்னால்தான் முரண். அரிஸ்டாட்டில் வகுத்த வரையறை இது. இந்தக் கறார் நமக்கும் புதிதல்ல. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் தர்க்கப் பிழைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். தன் சொல்லைத் தானே மறுக்கும் பிழைக்கு அவர் காட்டும் உதாரணம், "என் தாய் மலடி" என்பது. எவ்வளவு கச்சிதம் பாருங்கள்! ஆனால் அதே வாக்கியத்தை ஒரு தத்துப் பிள்ளை தன்னை வளர்த்தவளைப் பற்றிச் சொன்னால் அதில் பிழையே இல்லை. சொற்கள் மாறவில்லை, தாய் எந்த வகையில் தாய் என்பது மாறிவிட்டது.

இந்த அளவுகோலோடு குறளுக்கு வாருங்கள். 380 பேசுவது, ஊழை விலக்க வேறொரு வழியைத் திட்டமிடுகிறவனைப் பற்றி. அவன் போடும் திட்டத்துக்கு முன்னால் ஊழ் வந்து நிற்கும். 620 பேசுவது, சோர்வில்லாமல், தளராமல் முயன்றுகொண்டே இருப்பவரைப் பற்றி. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இங்கே ஒரு நுட்பம் காட்டுகிறார்: ஊழ் ஒரு முறை, இரண்டு முறைதான் தடுக்கும், பல முறை முயல்கிறவர் பயன் அடைவார். அதாவது, ஊழின் வலிமையை மறுக்காமல், அது எவ்வளவு காலம் செல்லும் என்பதற்கு மட்டும் எல்லை கட்டுகிறார். ஆளும் வேறு, காலமும் வேறு. முரண் என்று தீர்ப்பு எழுத இங்கே இடமில்லை.

உரைகாரர் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஆனால் மறுக்கிறவர் அந்த இரண்டு வேறுபாடும் செல்லாது என்று காட்ட வேண்டும். இரண்டு வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் போதாது. மேடைப் பேச்சில் அது கைதட்டல் வாங்கித் தரும், வாதம் ஆகாது.

உண்மையில் நீங்கள் பிடித்திருக்க வேண்டிய குறள் 371. "ஆகூழால் தோன்றும் அசைவின்மை" என்கிறது அது. சோர்வில்லாத முயற்சியே ஊழ் கொடுப்பது என்றால், அந்த முயற்சியால் ஊழையே புறமுதுகு காட்ட வைப்பது எப்படி? இங்கே பரிமேலழகரின் காலக் கணக்கு கை கொடுக்காது. 371 பொருள் சேர்ப்பதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது என்று ஒருவர் பதில் சொல்லலாம். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. இந்த ஜோடியை எடுத்துக்கொண்டு, ஒரே பொருள், ஒரே நேரம், ஒரே வகை என்ற மூன்றையும் சோதித்து எழுதி அனுப்புங்கள். வள்ளுவருக்கு எதிராக முடிந்தாலும் பிரசுரிக்கிறேன்.