ஓடுவதற்கு ட்ரெட்மில் வாங்குகிறவர்கள் கேட்ட கேள்விகள்

பல வருடங்களாக ட்ரெட்மில் சர்வீஸ் செய்கிறேன், அதில் ஓடவும் செய்கிறேன். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓடுகிறவர்களை மனதில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். நடப்பதற்கு மட்டும் தேடுகிறவர்களுக்கு இவ்வளவு கனமான இயந்திரம் தேவையில்லை.

சார், ஒரு மாடலில் 5 ஹெச்பி (குதிரைத்திறன்) மோட்டார் என்று போட்டிருக்கிறது. இன்னொன்று 3 ஹெச்பிதான், ஆனால் விலை அதிகம். ஏன்?

முதலாவது பெரும்பாலும் 'பீக்' கணக்கு. மோட்டார் ஒரு சில நொடிகள் எட்டக்கூடிய உச்சத்தைத்தான் அது சொல்கிறது. ஒரு ஹெச்பி 746 வாட் என்றால் 5 ஹெச்பி 3,730 வாட் ஆகிறது. சாதாரண வீட்டு பிளக்கிலிருந்து அவ்வளவு மின்சாரத்தை அரை மணி நேரம் இழுத்துக்கொண்டே இருக்க முடியாது. நீங்கள் பார்க்க வேண்டியது தொடர்ந்து தரும் திறன், அதாவது 'கன்டினியுவஸ்' ஹெச்பி. தொடர்ந்து ஓடுகிறவருக்கு அது 3 இருக்கட்டும். உடல் எடை குறைவு, மெதுவான ஓட்டம் என்றால் 2.5 போதும்.

ஓடும்போது ஒவ்வொரு முறை கால் பதியும்போதும் பெல்ட்டை ஒரு கணம் நிறுத்தப் பார்க்கிறோம். மோட்டார் உடனே அதை இழுத்து வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 160, 170 தடவை இது நடக்கிறது. சின்ன மோட்டார் முதல் நாள் நன்றாகத்தான் ஓடும். சூடு ஏறி ஏறித்தான் அதன் ஆயுள் போகும். பீக்கா கன்டினியுவஸா என்று எங்கேயும் எழுதவில்லையா? பீக் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, நான் ஆறடிக்கு மேல். 48 அங்குல பெல்ட் போதுமா?

போதாது தம்பி. உங்கள் உயரத்துக்கு 60 அங்குலம் வேண்டும். ஐந்தரை அடிக்குக் கீழே இருப்பவர்கள் 55 அங்குலத்தில் சமாளிக்கலாம். அகலம் 20 அங்குலத்துக்குக் குறையவே கூடாது. குட்டையான பெல்ட்டில் ஓடுகிறவர் தன்னை அறியாமலே காலடியைச் சுருக்கிக்கொண்டு, முன்பக்க மூடியை இடித்துவிடுவோமோ என்ற பயத்திலேயே ஓடுவார். வாங்குவதற்கு முன்னால் ஷூ போட்டுக்கொண்டு போய், உங்கள் வழக்கமான வேகத்தில் பத்து நிமிடமாவது ஓடிப் பாருங்கள். விடமாட்டேன் என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.

வாக்கிங் பேட் மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாமே, அதில் ஓட முடியாதா?

முடியாது. வேகம், பெல்ட் நீளம், பிடிமானம் மூன்றுமே நடைக்காகச் செய்யப்பட்டவை.

மடக்குகிற மாடல் ஓட்டத்தைத் தாங்குமா? மாடி வீட்டில் இருக்கிறோம், கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் என்கிறார்கள்.

நல்ல மடக்கு மாடல்கள் தாங்கும். இயந்திரத்தின் சொந்த எடையைப் பாருங்கள். 90 கிலோவுக்கு மேல் இருந்தால் ஓடும்போது ஆட்டம் குறைவு. 50 கிலோ இயந்திரம் 80 கிலோ ஆளைத் தூக்கிக்கொண்டு ஆடத்தான் செய்யும். எடை வரம்பு என்று போட்டிருப்பதும் உங்கள் எடையைவிட 20, 25 கிலோ கூடுதலாக இருக்க வேண்டும்.

கீழ்வீட்டில் கேட்பது பெரும்பாலும் மோட்டார் சத்தம் இல்லை, உங்கள் காலடி அதிர்வுதான். தடித்த ரப்பர் பாய் போடுங்கள். அறையின் நடுவை விட்டு, சுவரோரமாக, தூணுக்கோ பீமுக்கோ பக்கத்தில் வைத்தால் தளம் அதிர்வது குறையும். இதெல்லாம் செய்தாலும் அதிர்வு முழுக்கப் போகாது. அதனால் ஓடும் நேரத்தைக் கீழ்வீட்டாரிடம் பேசி முடிவு செய்வதுதான் நல்லது.

வெளியே ஓடுவதைவிட ட்ரெட்மில்லில் சுலபமாக இருக்கிறது. 1 சதவீதச் சாய்வு வைக்கச் சொல்கிறார்கள், உண்மையா?

1996இல் ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த பேச்சு அது. வெளியே நாம் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும், உள்ளே அந்தத் தடை இல்லை. அதை 1 சதவீதச் சாய்வு ஈடுகட்டுகிறது என்றார்கள். அவர்கள் சோதித்தது மணிக்குச் சுமார் 10.5 முதல் 18 கிலோமீட்டர் வேகங்களில். அதைவிட மெதுவாக ஓடினால் காற்றுத் தடை மிகக் குறைவு, சாய்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் மின்விசிறி கட்டாயம் வையுங்கள். எதிர்காற்று இல்லாததால் வியர்வை காயாமல் உடல் சூடேறி, அதே வேகத்தில் இதயத் துடிப்பு கூடிவிடும்.

என் வாட்ச் ஒரு தூரம் காட்டுகிறது, திரை ஒரு தூரம் காட்டுகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்ப வேண்டாம், நீங்களே அளந்துவிடலாம். மின்சாரத்தை அணைத்துவிட்டு, பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கையால் நகர்த்தி நகர்த்தி முழுச் சுற்றின் நீளத்தை டேப்பால் அளக்கவும். 3.2 மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஒருவர் மேலே 10 கிமீ வேகத்தில் ஓடட்டும், இன்னொருவர் அந்தக் கோடு 30 முறை வந்துபோகும் நேரத்தைக் குறிக்கட்டும். 36 நொடி ஆனால், 96 மீட்டரை 36 நொடியில் கடந்திருக்கிறது. அது மணிக்கு 9.6 கிமீ. திரை கொஞ்சம் கூட்டிச் சொல்கிறது. ஆள் ஏறாமல் அளக்காதீர்கள், எடை விழும்போதுதான் பெல்ட்டின் உண்மையான வேகம் தெரியும்.

வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. என் அக்கா ட்ரெட்மில் வாங்கச் சொல்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான் அம்மா. ஓடும் பெல்ட்டின் பின்பகுதி குழந்தையின் கையை உள்ளே இழுத்துவிடும். 2021இல் அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் ட்ரெட் பிளஸ் என்ற மாடலையே திரும்பப் பெற்றது, அதில் ஒரு குழந்தை இறந்திருந்தது. பூட்டக்கூடிய அறை இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஓடி முடித்ததும் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி, பிளக்கையும் பிடுங்கி, சாவியை உயரத்தில் வையுங்கள். பின்னால் 2 மீட்டர், பக்கங்களில் அரை மீட்டர் காலியாக இருக்கட்டும். பெரியவர்கள் தடுக்கி விழுந்தாலும் அந்த இடம்தான் காப்பாற்றும்.

பழைய ட்ரெட்மில் ஒன்று கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பெல்ட்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தால் தேய்ந்துவிட்டது. பெல்ட்டுக்கு அடியில் இருக்கும் டெக் பலகையில் கால் பதியும் இடத்தில் பூச்சு போயிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு மணிக்கு 4 கிமீயில் வைத்து அழுத்தி நடந்து பாருங்கள். பெல்ட் தயங்கித் தயங்கி வந்தால், அல்லது கருகின வாசனை அடித்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எண்ணெய் எதற்கு? எங்கள் இயந்திரத்துக்கு இதுவரை போட்டதே இல்லை.

இன்றைக்கே பாருங்கள். என்னிடம் வருகிற எரிந்த மோட்டார்களும் கன்ட்ரோல் போர்டுகளும் பெரும்பாலும் காய்ந்த பெல்ட்டால் போனவைதான். பெல்ட்டுக்கும் டெக்குக்கும் நடுவே உராய்வு கூடக் கூட மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கிறது, கடைசியில் போர்டு கருகுகிறது. பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினால் எண்ணெய் வழவழப்பு கையில் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் சிலிக்கான் ஆயில் போடும் நேரம் வந்துவிட்டது. சிலிக்கான் மட்டும்தான். துரு நீக்கும் ஸ்ப்ரே, சமையல் எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். சில மாடல்களில் எண்ணெயே போடக் கூடாது என்று கையேட்டில் இருக்கும், அதையும் முதலில் பாருங்கள்.

பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால், பின் ரோலரில் அதே பக்கத்துப் போல்ட்டைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று மட்டும் திருகி, சில நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி திருகுங்கள்.

கூரை உயரம் 2.3 மீட்டர். என் உயரம் 180 செமீ. சரியாக வருமா?

180உடன் டெக் உயரம் 20ஐக் கூட்டுங்கள். 12 சதவீதச் சாய்வில் முன்பக்கம் சுமார் 18 செமீ உயரும். ஓடும்போது துள்ளுவதற்கும் இடைவெளிக்கும் 15. மொத்தம் 233, உங்கள் கூரை 230. தாழ்வான டெக் உள்ள மாடலாகப் பார்த்து, முழுச் சாய்வில் நடை மட்டும் வைத்துக்கொண்டால் சரியாக வரும். மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள்.