சிஆர்-விக்கு ஹிட்ச் போடலாமா? கேட்ட தம்பிக்கு என் பதில்

மிச்சிகனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, 2022 ஹோண்டா சிஆர்-வி ஒன்று கையில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே பாதிக் கார்களின் பின்பக்கம் ஒரு சதுரக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது, ட்ரெய்லரையோ சைக்கிள் ரேக்கையோ மாட்டும் ஹிட்ச் என்கிற இரும்பு அது, நானும் அதைப் போட்டால் சைக்கிள் மாட்டலாமா, அடுத்த வருடம் வீடு மாறும்போது சின்ன ட்ரெய்லர் இழுக்கலாமா, வயரிங் அவசியமா, நானே போட முடியுமா, வாரண்டி போய்விடுமா என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். என்னுடைய இரண்டு கார்களுக்கும் நானேதான் போட்டேன். நண்பர்கள் சிலருடைய காருக்கும் கூட இருந்து செய்திருக்கிறேன்.

போடலாம் தம்பி, தாராளமாகப் போடலாம். சோபா வாங்கினாலும் தோட்டத்துக்கு மண் வாங்கினாலும் நாமே தூக்கி வர வேண்டிய இடம் இது. ஒரு ஹிட்ச் இருந்தால் பல வேலைகள் எளிதாகிவிடும். ஆனால் ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் ஓர் எண்ணை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் காருக்கான மேனுவலில் இழுவை எடை 1,500 பவுண்டு என்று இருக்கும். ஹைப்ரிட் என்றால் அதற்குரிய பக்கத்தைத் தனியாகப் பாருங்கள். இப்போது ஹிட்ச் வாங்கப் போனால் அட்டைப்பெட்டியின் மேல் ‘கிளாஸ் 3, 3,500 பவுண்டு’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது அந்த இரும்பு தாங்கும் எடை. அதை மாட்டியதால் உங்கள் காரின் பிரேக்கும் கியர்பாக்ஸும் பின் சஸ்பென்ஷனும் பலமாகிவிடாது. கார், ஹிட்ச், அதன் குழாயில் செருகும் பால் மவுண்ட் என்கிற இரும்புத் துண்டு, அதன் மேல் இருக்கும் உருண்டை, ட்ரெய்லர் என்று இந்தச் சங்கிலியில் எது குறைவாகத் தாங்குகிறதோ அதுதான் உங்கள் வரம்பு. உங்கள் விஷயத்தில் அது கார்தான், 1,500 பவுண்டு.

லண்டனிலோ ஜெர்மனியிலோ உறவினர் இருந்தால், “இதே காரில் நான் இன்னும் அதிகம் இழுக்கிறேனே” என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அங்கே ட்ரெய்லருக்குத் தனி வேக வரம்பு உண்டு, ஜெர்மனியில் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர். காரின் பின்பக்கம் அழுத்தும் எடையையும் அங்கே குறைவாக வைத்து ஏற்றுவார்கள். இங்கே கணக்கே வேறு. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் இறங்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. இதை டங் வெயிட் என்பார்கள்.

டங் வெயிட்டை அலட்சியம் செய்யாதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். என் சிஆர்-வியில் அது 850 பவுண்டு. டங் வெயிட்டும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். ஐந்து பெரியவர்கள், ஆளுக்கு 150 பவுண்டு என்று வைத்தால் 750 ஆகிவிட்டது. 1,500 பவுண்டு ட்ரெய்லரின் டங் வெயிட் குறைந்தது 150. கூட்டினால் 900, வரம்பைத் தாண்டியாயிற்று. டிக்கியில் ஒரு பை கூட வைக்கவில்லை பாருங்கள். ஆகவே ட்ரெய்லர் இழுக்கும் நாளில் காரில் இரண்டு பேர் மட்டும் போங்கள், மற்றவர்கள் வேறு காரில் வரட்டும். வாடகை ட்ரெய்லர் எடுக்கும்போது அதன் வெற்று எடையையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய பெட்டி ட்ரெய்லர் என்றால் காலியாகவே உங்கள் வரம்பில் பாதிக்கு மேல் தின்றுவிடும். திறந்த சின்ன ட்ரெய்லர் உங்கள் காருக்குப் பொருத்தம்.

அடுத்து, எந்த ஹிட்ச். ரிசீவர் என்கிற அந்தச் சதுரக் குழாய் உங்களுடையது போன்ற கார்களுக்குப் பெரும்பாலும் இரண்டு அளவில் வருகிறது, ஒன்றேகால் இன்ச், இரண்டு இன்ச். உங்கள் காரின் எடை வரம்புக்கு ஒன்றேகால் இன்ச்சே போதும். இருந்தாலும் இரண்டு இன்ச் வாங்குங்கள் என்பேன், சைக்கிளுக்காகத்தான். நல்ல சைக்கிள் ரேக்குகள், முக்கியமாக நான்கு சைக்கிள் தாங்குபவையும் கனமான மின்சார சைக்கிளுக்கானவையும், பெரும்பாலும் இரண்டு இன்ச் குழாய்க்கே வருகின்றன. அப்புறம் மாற்றுவது வீண் செலவு. ரேக்கின் எடை, சைக்கிள்களின் எடை இரண்டையும் கூட்டி டங் வெயிட் வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் மாடல், ஆண்டு இரண்டும் சரியாகப் பொருந்தும் ஹிட்ச்சாகவே வாங்குங்கள். ‘எல்லாக் காருக்கும் பொருந்தும்’ என்று விற்பதைத் தொட வேண்டாம்.

மாட்டும் வேலை பார்க்கப் பயமாகத் தெரியும், செய்தால் அவ்வளவு இல்லை. உங்கள் காருக்கென்றே வடிவமைத்த ஹிட்ச் என்றால் பெரும்பாலும் புதிதாகத் துளை போட வேண்டியிருக்காது, காரின் அடிச்சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் துளைகளிலேயே உட்காரும். அடியில் படுத்துப் பார்த்தால் சில துளைகளில் ரப்பர் அடைப்பு இருக்கும், கழற்றிவிடலாம். வழியில் சைலன்சர் வரும். அதைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர் வளையங்கள் ஆணிபோல் நீட்டிய கம்பிகளில் இறுக்கமாக மாட்டியிருக்கும். இழுத்தால் வராது. சோப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, வளையத்தை இடமும் வலமுமாகத் திருகித் திருகித் தள்ளுங்கள். ஒரு கட்டத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அந்த நேரம் சைலன்சர் சட்டென்று கீழே தொங்காமல் அடியில் ஒரு மரக்கட்டையோ ஜாக்கோ வைத்திருங்கள். வண்டியை ஓட்டிவிட்டு உடனே தொடாதீர்கள், சூடு கையைப் பொசுக்கிவிடும்.

நம் மாநிலத்தில் பெரிய தொல்லை துரு. குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது, கஞ்சத்தனமே கிடையாது. அந்த உப்பு சட்டத்தின் உள்ளே பற்றவைத்த நட்டுகளில் ஏறித் துருவாக உட்கார்ந்திருக்கும். போல்ட்டை அப்படியே வைத்து முறுக்கினால் மரை போய்விடும். சில சமயம் நட்டே உள்ளே கழன்று சுற்ற ஆரம்பிக்கும், அப்புறம் சட்டத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். முந்தின நாள் இரவே துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் குழாய் பிரஷ்ஷால் உள்ளே தேய்த்து எடுங்கள். பிறகு போல்ட்டை விரலாலேயே நாலைந்து சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு வந்தால்தான் ஸ்பானர். எல்லா போல்ட்டையும் தளர்வாக மாட்டி முடித்த பிறகு, கடைசியாக, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கூடவே வரும் தாளில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். ஹிட்ச் கனமானது, தூக்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். காரை உயர்த்துவதாக இருந்தால் ஜாக் ஸ்டாண்ட் போடாமல் அடியில் போகவே கூடாது. வெறும் ஜாக்கை நம்பி ஒரு நிமிடம்கூட வேண்டாம் தம்பி.

இனி வயரிங். சைக்கிள் மட்டும்தான் என்றால் தேவையில்லை. காரின் பின் விளக்கையும் நம்பர் பிளேட்டையும் ரேக் மறைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ட்ரெய்லர் என்றால் கட்டாயம் வேண்டும். சின்ன ட்ரெய்லருக்கு நான்கு பின் கொண்ட தட்டையான பிளக். வெள்ளை கிரவுண்டு, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி, பழுப்பு பின் விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. ட்ரெய்லரில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே வயர், ஒரே பல்பு. பல கார்களில் இவை இரண்டும் தனித்தனி. அதனால் நடுவில் கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டி உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்.

கன்வெர்ட்டரில் இரண்டு வகை. ஒன்று ட்ரெய்லர் விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தைக் காரின் பின் விளக்கு வயரிலிருந்தே உறிஞ்சும். இன்னொன்று அங்கிருந்து சிக்னலை மட்டும் எடுத்துக்கொண்டு, மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து தனி வயரில் கொண்டுவரும். இரண்டாவது வகையே வாங்குங்கள். இப்போதைய கார்களின் விளக்குகளைக் கட்டுப்படுத்துவது ஒரு கணினிப் பெட்டி. அதற்குத் தன் பல்புகளுக்கு மேல் சுமை கொடுத்தால் தாங்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் வயரை நடுவில் கடித்து இணைக்கும் கிளிப்புகளைப் போட்டு நேரடியாகச் சேர்த்தார். பழைய ட்ரெய்லர் ஒன்றில் எங்கோ வயர் உரசி ஷார்ட் ஆனது. ட்ரெய்லருக்கு ஒன்றும் ஆகவில்லை, காரின் பெட்டிதான் போயிற்று. ஹிட்ச்சுக்குக் கொடுத்ததைவிட அதற்குக் கொடுத்தது அதிகம்.

எனவே காரின் சொந்த சாக்கெட்டுகளுக்கு நடுவே செருகுகிற மாதிரி, உங்கள் மாடலுக்கென்றே வரும் செட்டை வாங்குங்கள். ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை. பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பேட்டரி வயரைச் சைலன்சருக்கும் பெட்ரோல் குழாய்க்கும் தள்ளி, உறைக்குள் விட்டு, பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டிக்கொண்டே வாருங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகே அதைச் செருக வேண்டும். ஹைப்ரிட் காரில் ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிளைப் பார்த்தால் கை வைக்காதீர்கள். அது உயர் மின்னழுத்தம்.

அப்புறம் கிரவுண்டு. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் காரில் வெள்ளை வயரை டிக்கி ஓரத்தில், பெயின்ட் மேலேயே ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டேன். வீட்டு வாசலில் எல்லா விளக்கும் எரிந்தது. மூன்றாவது பயணத்தில், இருட்டும் நேரம், பின்னால் வந்த நண்பர் போன் செய்தார். “இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாக மின்னுகிறது, பிரேக் பிடித்தால் ஒன்றுமே தெரியவில்லை” என்றார். ஓய்விடம் ஒன்றில் ஒதுக்கி, டிக்கியின் உள்விரிப்பைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்க்ரூ அசைந்துகொண்டிருந்தது, அதன் அடியில் பெயின்ட் பளபளவென்று அப்படியே இருந்தது. திரும்பிப் போக வழி இல்லாத மின்சாரம் மற்ற பல்புகள் வழியாகப் போகப் பார்த்திருக்கிறது, அதனால்தான் எல்லாம் மங்கல். சாவியின் முனையால் பெயின்ட்டைச் சுரண்டினேன். வெள்ளி நிறத்தில் இரும்பு தெரிகிற வரை சுரண்டி, மறுபடி முடுக்கினேன். விளக்குகள் பளிச்சென்று வந்தன. இருட்டில் என் பின்னால் வந்தவர் நண்பராக இல்லாமல், நான் பிரேக் பிடித்தது தெரியாத யாரோவாக இருந்திருந்தால் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். நீங்கள் முதலிலேயே உப்புத்தாளால் தேய்த்து இரும்பைக் காட்டி, முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

சோதிக்க, மின்சாரம் வந்தால் எரிந்து காட்டும் டெஸ்ட் லைட் ஒன்று போதும், மலிவான கருவி. கார் பக்கத்துப் பிளக்கில் மூன்று முனைகள் ரப்பருக்குள் ஒளிந்திருக்கும், ஒன்று மட்டும் வெளியே நீட்டியிருக்கும். நீட்டியிருப்பது கிரவுண்டு. மின்சாரம் வரும் முனைகள் எதிலும் பட்டு ஷார்ட் ஆகாமல் இருக்கத்தான் இந்த அமைப்பு. டெஸ்ட் லைட்டின் கிளிப்பை அதில் மாட்டி, வீட்டில் ஒருவரை உள்ளே உட்காரவைத்து இடது, வலது, பிரேக், ஹெட்லைட் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிப் பாருங்கள். வயரிங்கில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் ஆள் வைத்துச் செய்துகொள்ளுங்கள், அதில் தப்பில்லை. ட்ரெய்லர் வாடகைக்குக் கொடுக்கும் யு-ஹால் போன்ற இடங்களில் இரண்டையும் சேர்த்தே போட்டுத் தருகிறார்கள்.

வாரண்டி பற்றிப் பயப்பட வேண்டாம். 1975-இல் வந்த மேக்னுசன்–மாஸ் வாரண்டி சட்டப்படி, வெளியில் வாங்கிய பாகத்தை மாட்டினீர்கள் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். வயரை வெட்டாத செட் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். காப்பீட்டுக்காரரிடம் ட்ரெய்லர் இழுக்கும்போது எது எது அடங்கும் என்று ஒரு வார்த்தை கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் பயணம் போகும் நாளில் சாமானில் கனமானதை ட்ரெய்லரின் முன்பாதியில் ஏற்றுங்கள். மொத்தத்தில் சுமார் 60 சதவீதம் முன்னால் இருக்க வேண்டும். பின்னால் கனம் ஏறினால் ட்ரெய்லர் பாம்புபோல் ஆட ஆரம்பிக்கும். அப்படி ஆடினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், தானாக அடங்கும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் குறுக்காக மாட்டுங்கள். ட்ரெய்லர் கழன்றாலும் அதன் முனை சாலையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். யு-ஹால் ட்ரெய்லருக்கு அவர்கள் சொல்லும் உச்ச வேகம் மணிக்கு 55 மைல். பின்னால் யார் ஒட்டிக்கொண்டு வந்தாலும் வலது தடத்தில் அந்த வேகத்திலேயே போங்கள். பத்து மைல் போனதும் எங்காவது நிறுத்தி, பால் மவுண்டைப் பூட்டும் ஊசி, சங்கிலி, பிளக் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் பால் மவுண்டைக் கழற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள். நீட்டிக்கொண்டே இருந்தால் பார்க்கிங்கில் யாராவது குழந்தை ஓடி வந்து முட்டிக்கொள்ளும்.