புதிய 4கே வட்டில் முகங்கள் மெழுகுபோலத் தெரிவது

கோளாறு தொலைக்காட்சியிலா வட்டிலா என்று கேட்டால், பெரும்பாலும் வட்டில்தான் இருக்கிறது. 1980களில் எடுத்த படம் பழைய புளூ-ரேயில் உயிரோட்டமாகவும், புதிய 4கே வட்டில் முகங்களுக்கு மெழுகு பூசியதுபோலவும் தெரிகிறது என்றால், தயாரிப்பின்போது படச்சுருளின் கிரெயினை, அதாவது படத்தில் தெரியும் நுண்துகள்களை, மென்பொருள் கொண்டு அளவுமீறி அகற்றியிருக்கக்கூடும்.

படச்சுருளில் பதிந்த உருவமே அந்தத் துகள்களால் ஆனது. துகள் எது, தோலின் நுண்துளை எது என்று மென்பொருளால் சரிவரப் பிரித்தறிய முடியாததால், இரண்டும் சேர்ந்தே போய்விடுகின்றன. போனதை எந்தத் தெளிவுத்திறனும் மீட்டுத் தராது. 1987ஆம் ஆண்டின் ‘பிரிடேட்டர்’ படத்துக்கு 2008இல் வந்த புளூ-ரேயில் கிரெயின் இருந்தது; 2010இல் வந்த மறுபதிப்பில் அதை வழித்தெடுத்ததால், வியர்வை வழியும் முகங்கள்கூடப் பொம்மை முகங்களாயின. எனக்கு இன்றும் வருத்தம் தருவது அது.

உறுதிசெய்ய, தொலைக்காட்சியில் படத்தைத் தானே மாற்றியமைக்கும் வசதிகளான நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூதிங், ஷார்ப்னஸ் மூன்றையும் இரு வட்டுகளுக்குமே அணைத்துவிட்டு, ஒரே நெருக்கக் காட்சியில் நிறுத்திப் புருவமுடிகளைப் பாருங்கள். பழையதில் தனித்தனியாகவும் புதியதில் தீற்றலாகவும் இருந்தால் ஐயமே வேண்டாம்.

ஆனால் படம் இருட்டாகத் தெரிவது மட்டுமே உங்கள் குறை என்றால், அது வேறு சங்கதி: ஒளிர்வு குறைந்த திரைகளில் எச்டிஆர் (ஒளி-இருள் வேறுபாட்டை விரிவாகக் காட்டும் முறை) அப்படித்தான் தெரியும், அதற்கு வட்டைக் குறைசொல்ல முடியாது.